ஜெயிக்க முடியாது என்று தெரிந்த பிறகு எத்தனை நாள்? ஹிலரியின் 2008 மே மாதம்

2008 மே 6, செவ்வாய் இரவு. ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக ஹிலரி கிளிண்டனும் பராக் ஒபாமாவும் மாநிலம் மாநிலமாக மோதிக்கொண்டிருந்த நேரம். வட கரோலினாவில் ஒபாமா 14 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். இண்டியானா ஹிலரிக்குத்தான். ஆனால் லேக் கவுண்டியின் வாக்குகள் நள்ளிரவில் வந்துசேரும்வரை அதுவும் இழுபறியாகவே கிடந்தது. கடைசியில் மிஞ்சியது ஒரு சதவீதச் சொச்சம். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்பது தெரிந்துவிட்டது, இனி அதில் யாரும் தகராறு செய்ய முடியாது என்று டிம் ரஸ்ஸர்ட் தொலைக்காட்சியில் சொல்லிவிட்டார். அமெரிக்க அரசியல் நிருபர்களில் அவர் பேச்சுக்குத் தனி எடை இருந்த காலம் அது.

விடிந்ததும் இன்னும் இரண்டு அடி. அதுவரை ஹிலரியை ஆதரித்த, 1972-ல் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்ற ஜார்ஜ் மெக்கவர்ன், விலகிவிடுங்கள் என்று சொல்லி ஒபாமா பக்கம் போனார். ஹிலரி கடந்த ஒரு மாதத்தில் தன் சொந்தப் பணத்திலிருந்து 64 லட்சம் டாலரைப் பிரசாரத்துக்குக் கடனாகக் கொடுத்திருக்கிறார் என்பதை அவருடைய ஆட்களே ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. முன்பு கொடுத்த 50 லட்சத்தையும் சேர்த்தால் 1.14 கோடி. அன்றே மேற்கு வர்ஜீனியாவின் ஷெப்பர்ட்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் மேடையேறிய ஹிலரி, ஒரு வேட்பாளர் முடிவாகும்வரை களத்தில் இருப்பேன் என்றார்.

அந்தப் புதன்கிழமை அவருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. உடனே விலகுவது. ஜூன் 3-ஆம் தேதி கடைசி மாநிலம் வாக்களிக்கும்வரை இருப்பது. ஆகஸ்ட் கடைசியில் டென்வரில் கூடும் கட்சி மாநாடுவரை இழுத்துப்போவது. மூன்றையும் அவருக்கு முன்னும் பின்னும் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்; அவர்களுக்குக் கிடைத்ததும் போனதும் எல்லோருக்கும் தெரிந்தவை. நான் எந்தப் பக்கம் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நடு வழியே சரி. ஆனால் அதற்கு ஹிலரி மேடைகளில் சொன்ன காரணங்களில் பெரும்பாலானவை எனக்கு ஒப்பவில்லை. வாய்விட்டுச் சொல்லாத காரணங்கள்தான் கனமானவை.

கணக்கு

அமெரிக்க உட்கட்சித் தேர்தலை, அவர்கள் மொழியில் பிரைமரியை, பார்த்துப் பழகாதவர்களுக்கு ஒரு விஷயம் புதிராக இருக்கும். ஒஹாயோ, பென்சில்வேனியா, கலிஃபோர்னியா, நியூயார்க் என்று பெரிய மாநிலங்களை எல்லாம் ஜெயித்தவர் எப்படிப் பின்தங்கினார்?

வேட்பாளரை முடிவு செய்வது கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகள். ஜனநாயகக் கட்சியில் 15 சதவீத வாக்கு தொட்ட எல்லோருக்கும் விகிதப்படி பிரதிநிதிகள் போய்விடுவார்கள். ஒரு தொகுதிக்கு நான்கு பிரதிநிதிகள் என்றால், 60-க்கு 40 என்று ஜெயித்தாலும் ஆளுக்கு இரண்டுதான். மூன்றாவது ஆள் கிடைக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். ஒபாமாவின் ஆட்கள் இந்த நுணுக்கத்தை வைத்தே பிழைத்தார்கள். பிப்ரவரி 5 அன்று பத்து லட்சம் பேருக்கு மேல் வாக்களித்த நியூஜெர்சியில் ஹிலரி ஜெயித்து அள்ளிய உபரி 11 பிரதிநிதிகள். அதே நாளில் இருபதாயிரத்துச் சொச்சம் பேர் மட்டுமே கூடிய ஐடஹோ காக்கஸில், அதாவது கட்சிக்காரர்கள் நேரில் கூடித் தேர்ந்தெடுக்கும் கூட்டங்களில், ஒபாமா 15-க்கு 3 என்று வென்றார், உபரி 12. டெக்ஸாஸ் இன்னும் வேடிக்கை. மார்ச் 4 வாக்குப்பதிவில் ஜெயித்தவர் ஹிலரி. அன்று மாலையே நடந்த காக்கஸையும் சேர்த்து எண்ணி முடித்தபோது அதிகப் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு.

இந்த விகித முறையில் முன்னால் இருப்பவர் ஒரேயடியாக ஓடிவிடவும் முடியாது, பின்னால் இருப்பவர் பிடிக்கவும் முடியாது. பிப்ரவரியில் அடுத்தடுத்து 11 போட்டிகளில் ஒபாமா வென்றபோது விழுந்த இடைவெளி, அதற்குப் பிறகு ஹிலரி எத்தனை மாநிலம் ஜெயித்தும் அடைபடவே இல்லை. மே 7 காலை தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளில் ஒபாமாவின் முன்னிலை 150-க்கும் மேல். மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, ஒரெகான், போர்ட்டோ ரிக்கோ, மொன்டானா, தெற்கு டகோட்டா ஆகிய ஆறிலும் சேர்ந்து மீதியிருந்தவர்கள் 217 பேர். எட்டிப்பிடிக்க அவர்களில் 85 சதவீதம் பேராவது ஹிலரிக்கு வந்தாக வேண்டும். எந்த ஊரிலும் நடக்காத கதை. மிச்சமிருந்த ஒரே வாசல் சூப்பர் டெலிகேட்கள்: கட்சி எம்.பி.க்கள், ஆளுநர்கள், நிர்வாகிகள் என்று 800 பேர் அளவில், யாருக்கு வேண்டுமானாலும் கைதூக்க உரிமை உள்ளவர்கள். இருநூறுக்கும் மேற்பட்டோர் அப்போதும் வாய் திறக்கவில்லை. ஜனங்கள் போட்ட கணக்கைப் புரட்டிப்போடுங்கள் என்று அவர்களிடம் கேட்க வேண்டும். கேட்கலாம். கறுப்பின மக்கள் பத்துக்கு ஒன்பது பேர் என்ற அளவில் பின்னால் நிற்கும் ஒருவரிடமிருந்து வேட்பாளர் பதவியைப் பிடுங்கிக் கொடுக்க அவர்கள் துணிவார்களா என்பது வேறு விஷயம்.

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் நகர முடியாது. இந்த விகித முறை இவ்வளவு கறாரானது 1988-க்குப் பிறகுதான். அதற்கு முன் சில மாநிலங்களில் முதலிடம் வந்தவருக்கு மொத்தமாகவோ கூடுதலாகவோ பிரதிநிதிகளைக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1988-ல் வேட்பாளரான டுகாகிஸுக்கு அடுத்தபடியாக இரண்டாவதாக வந்து, அட்லாண்டா மாநாடுவரை விலகாமல் இருந்த ஜெஸ்ஸி ஜாக்ஸன், தன் வாக்குக்கு ஏற்ற பிரதிநிதிகள் வரவில்லை என்று சண்டை பிடித்து, அந்த வழக்கத்தை 1992 முதல் ஒழிக்க ஒப்புக்கொள்ள வைத்தார். தோற்றவர் வாங்கிக்கொண்டு போன ஒரு விதி. இருபது வருஷம் கழித்துக் கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி, ஒஹாயோ எல்லாம் ஜெயித்த ஹிலரியை மேலே வரவிடாமல் பிடித்து வைத்தது அதுதான். பின்தங்கியவர் களத்தில் இருந்து என்ன சாதிக்கப்போகிறார் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

உடனே விலகுவது

இந்த வழியின் தலைசிறந்த மாணவர் பெரிய புஷ், ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ். 1980-ல் குடியரசுக் கட்சிப் போட்டியில், அயோவாவில் ரேகனைத் தோற்கடித்தவர். ரேகனின் பொருளாதாரத் திட்டத்தைப் பில்லிசூனியம் என்று கிண்டலடித்தவர். மே 20-ஆம் தேதி மிச்சிகனையும் ஜெயித்தார். ஆனால் கணக்கு முடிந்துபோயிருந்தது, கையில் காசும் இல்லை. பிரசார மேலாளர் ஜேம்ஸ் பேக்கர் நிறுத்தச் சொல்லி வற்புறுத்தினார். புஷ்ஷுக்கு மனசே இல்லை. ஆனாலும் மே 26 அன்று, ரேகனின் சொந்த மாநிலமான கலிஃபோர்னியாவில் மோதிப் பகையை முற்றவிடாமல் ஒதுங்கிக்கொண்டார். ஜூலையில் டெட்ராய்ட் மாநாட்டில் துணை அதிபர் வேட்பாளர். எட்டு வருஷம் கழித்து அதிபர்.

ஹிலரி தவித்துக்கொண்டிருந்த அதே 2008-ல் குடியரசுக் கட்சியில் மிட் ராம்னி இதைத்தான் செய்தார். சொந்தப் பணம் 4 கோடி டாலருக்கு மேல் போயிருந்தும் பிப்ரவரி 7-லேயே நிறுத்திவிட்டு, அடுத்த வாரமே, அந்த வருஷம் அக்கட்சியின் வேட்பாளரான மெக்கெய்னை ஆதரித்தார். 2012-ல் அவர்தான் வேட்பாளர். நமக்கு நெருக்கமான உதாரணமும் ஒன்று உண்டு. துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் ஒரு வாக்குகூடப் பதிவாகாத 2019 டிசம்பர் 3 அன்றே பணமில்லை என்று சொல்லி வெளியேறினார். பைடனை விவாத மேடையில் அவ்வளவு கடுமையாகத் தாக்கியவர், எட்டு மாதம் கழித்து அவரோடு துணை அதிபர் வேட்பாளராக நின்றார். அடிவாங்கி அசிங்கப்படாமல் போனவரைக் கூப்பிடுவது எளிது.

ஆக, சீக்கிரம் போனால் நல்ல பெயர், அடுத்த வாய்ப்பு. ஹிலரிக்கு ஏன் பொருந்தாது?

முதலில், இவர்கள் யாரும் பாதிக்கட்சியைக் கையில் வைத்திருந்தவர்கள் கிடையாது. ஹிலரிக்கு விழுந்தவை ஒபாமாவுக்கு விழுந்தவற்றுக்கு ஏறக்குறைய சமம். முடிவில் ஆளுக்குச் சுமார் 1.8 கோடி. இரண்டாவது காரணத்தை அப்போது வெளியில் பேசியவர்கள் குறைவு. மே 13 மேற்கு வர்ஜீனியா, மே 20 கென்டக்கி. இரண்டிலும் ஹிலரி அடித்து நொறுக்கப்போகிறார் என்பது ஊருக்கே தெரியும். மே 7 அன்று விலகியிருந்தாலும் அச்சான வாக்குச்சீட்டில் அவர் பெயர் இருக்கும். ஒபாமா என்ன ஆகியிருப்பார்? களத்திலேயே இல்லாத ஒருவரிடம் மாநிலம் மாநிலமாகத் தோற்ற வேட்பாளர். மேற்கு வர்ஜீனியாவில் நிஜத்தில் நடந்தது 67-க்கு 26. எதிராளி களத்தில் இருக்கும்போது 41 சதவீத வித்தியாசத்தில் தோற்றால் அது ஒரு நாள் செய்தி. அடுத்த நாளே, அதே போட்டியிலிருந்து முன்பே விலகியிருந்த ஜான் எட்வர்ட்ஸைத் தன் பக்கம் இழுத்து ஒபாமா அதை அழித்துவிட்டார். விலகியவரிடம் தோற்றிருந்தால் மெக்கெய்ன் அதை நவம்பர்வரை சொல்லிக்கொண்டே இருந்திருப்பார். ஹிலரி இருந்தது ஒபாமாவுக்கே உபகாரம் என்று சொன்னால் அப்போது சிரித்திருப்பார்கள்.

மூன்றாவது, பணம். விலகியவருக்கு யாரும் நன்கொடை தருவதில்லை. கடைக்காரருக்கும் அச்சகத்துக்கும் கருத்துக்கணிப்பு நிறுவனத்துக்கும் பாக்கி வைத்திருக்கும் பிரசாரத்துக்கு, களத்தில் இருக்கும் ஒவ்வொரு நாளும் வசூல் நாள். ஆனால் அதே நாள் செலவு நாளும்தான். ஆகையால் இந்தக் காரணத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக் கடனை அவர் பின்னால் தள்ளுபடி செய்தார். வெளிக்கடன் முழுசாகத் தீர நான்கு வருஷத்துக்கு மேல் ஆனது.

மாநாடுவரை போவது

இதற்கு இரண்டு பெரிய முன்னுதாரணங்கள். ஒன்று ஆசை காட்டும், மற்றொன்று பயமுறுத்தும்.

ஆசை காட்டுவது ரேகன், 1976. குடியரசுக் கட்சியில், பதவியில் இருந்த அதிபர் ஃபோர்டுக்கு எதிராக இறங்கி நியூ ஹாம்ப்ஷயரில் ஆயிரத்துச் சொச்சம் வாக்கில் தோற்றார். மாசசூசெட்ஸ், ஃப்ளோரிடா, இலினாய் எல்லாம் போயின. பிரசாரம் கடனில். போதும் என்று கட்சிக்காரர்கள் சொன்னார்கள். மார்ச் 23-ல் வட கரோலினா அவர் பக்கம் திரும்பியது. மே 1-ல் டெக்ஸாஸ் மொத்தமாக வந்தது. கன்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டு 1,187, ரேகன் 1,070. தோற்றவரை ஃபோர்டே மேடைக்குக் கூப்பிட்டுப் பேசவைக்க, மண்டபம் முழுக்க அவர் பின்னால் போய்விட்டது. ஃபோர்டு நவம்பரில் கார்ட்டரிடம் தோற்றார். நான்கு வருஷம் கழித்து ரேகன் அதிபர்.

பயமுறுத்துவது எட்வர்ட் கென்னடி, 1980. ஜனநாயகக் கட்சியில், பதவியில் இருந்த அதிபர் கார்ட்டருக்கு எதிராக இறங்கியவர். அயோவாவில் கார்ட்டர் 59, கென்னடி 31. அப்போதே கணக்குப் பிசகிவிட்டது. ஆனாலும் நியூயார்க் வந்தது, பென்சில்வேனியா வந்தது, ஜூன் 3 அன்று கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் வந்தன. கடைசியில் ஜெயித்தவனிடம் ஒரு தெம்பு இருக்கும். கார்ட்டரின் பிரதிநிதிகளை அவருக்கே வாக்களிக்கும்படி கட்டிப்போடும் விதியைத் தளர்த்துங்கள், மனசாட்சிப்படி வாக்களிக்கட்டும் என்று நியூயார்க் மாநாட்டில் கேட்டார். ஏறக்குறைய 1,936-க்கு 1,390 என்று அந்தக் கோரிக்கை விழுந்தது. அன்றிரவே விலகினார். மறுநாள் பேசிய பேச்சை இன்றுவரை மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் கடைசி நாள் மேடையில் இருவரும் கைகோத்து உயர்த்தும் படத்துக்காகக் கார்ட்டர் கென்னடியின் பின்னாலேயே நடந்த காட்சியும் மறக்கப்படவில்லை. நவம்பரில் கார்ட்டருக்கு மிஞ்சியது ஆறு மாநிலங்களும் தலைநகரும்.

இந்த இரண்டையும் வைத்து, மாநாடுவரை இழுத்தால் கட்சி தோற்கும் என்று சூத்திரம் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகப் படுகிறது. 1976-ல் வாட்டர்கேட்டின் கறையும் நிக்ஸனுக்குக் கொடுத்த மன்னிப்பும் ஃபோர்டின் கழுத்தில் தொங்கின. 1980-ல் விலைவாசி, டெஹ்ரானில் பணயக்கைதிகள். பதவியில் இருக்கும் அதிபரைச் சொந்தக் கட்சியிலேயே ஒருவர் எதிர்க்கிறார் என்றால் அந்த அதிபர் ஏற்கெனவே நோயாளி. வைத்தியர் வந்ததால்தான் நோய் வந்தது என்பது போன்ற வாதம் இது.

மறுபக்கம் 2008 இருக்கிறது. ஜூன்வரை அடித்துக்கொண்ட கட்சி நவம்பரில் 365 தேர்வாளர் வாக்குகளோடு ஜெயித்தது. 1964-க்குப் பிறகு ஜனநாயகக் கட்சி எட்டிப்பார்க்காத இண்டியானாவும், 1976-க்குப் பிறகு கிடைக்காத வட கரோலினாவும் கிடைத்தன. இரண்டும் மே 6 அன்று இருவரும் முட்டி மோதிய மாநிலங்கள். வழக்கமாக மே மாதத்து பிரைமரி என்றால் அங்கே யாரும் வருவதே இல்லை. அந்த வருஷம் இருவரும் வாசல் வாசலாக ஏறி இறங்கிப் புதிய வாக்காளர்களைப் பதிவு செய்தார்கள். அலுவலகம், தொண்டர் பட்டியல், தொலைபேசி எண் எல்லாம் நவம்பருக்கும் மிஞ்சின. வெற்றிக்கு இதுவே காரணம் என்று சொல்லமாட்டேன், அந்த செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து பொருளாதாரம் ஆட்டம் கண்ட பிறகு யார் நின்றாலும் ஆளுங்கட்சிக்குக் கஷ்டம்தான். ஆனால் நீண்ட போட்டி கட்சியைக் கெடுக்கும் என்பவர்கள் இந்த இரண்டு மாநிலங்களுக்கும் ஒரு விளக்கம் வைத்திருக்க வேண்டும்.

பிறகு ஏன் மாநாட்டு வழி வேண்டாம் என்கிறேன்? ரேகனிடம் ஒரு பொருள் இருந்தது, ஹிலரியிடம் இல்லை. கன்சாஸ் சிட்டிக்கு இருவரும் போனபோது யாரிடமும் பெரும்பான்மை உறுதியாகக் கையில் இல்லை, ஃபோர்டுக்கு மயிரிழை. போட்டி நிஜமாகவே முடியவில்லை. கென்னடிக்குப் போட்டி முடிந்திருந்தது, விதியை உடைத்தால்தான் வழி. 2008-ல் ஹிலரியின் நிலை கென்னடியுடையது. விதியை உடைக்கக் கேட்டு மாநாட்டுக்குப் போகிறவர் அதைப் பெறாமல் திரும்பினால், பேரம் பேச அன்றிரவு கையில் எதுவும் இருக்காது.

ஒரே ஆள், இரண்டு வழி

ஒப்பீடு செய்பவர்களுக்குக் கிடைத்த வரம் பெர்னி சாண்டர்ஸ். அதே மனிதர், அதே கோரிக்கைகள், நான்கு வருஷ இடைவெளியில் இரண்டு வெவ்வேறு முடிவுகள்.

2016-ல் அவர் பின்தங்கியது மார்ச் நடுவிலேயே தெரிந்துவிட்டது. விடவில்லை. கலிஃபோர்னியா, வாஷிங்டன் டி.சி. எல்லாம் முடிந்து, ஜூலை 12-ஆம் தேதிதான் ஹிலரியை ஆதரித்து மேடையேறினார். இப்போது ஹிலரி முன்னால் இருப்பவர். எட்டு வருஷத்துக்கு முன் தான் சொன்ன எல்லாக் காரணங்களையும் எதிராளி வாயிலிருந்து கேட்க வேண்டிய தலையெழுத்து. இருந்ததால் சாண்டர்ஸ் சம்பாதித்தவை: கட்சி அறிக்கையில் மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி, பிறகு 2018-ல் சூப்பர் டெலிகேட்கள் முதல் சுற்றில் வாக்களிக்கக் கூடாது என்ற விதிமாற்றம். இதுவும் தோற்றவர் வாங்கிய விதிதான், ஜாக்ஸன் வழியில். விலை? ஃபிலடெல்ஃபியா மாநாட்டின் முதல் நாளே அவர் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். கட்சித் தலைமையின் மின்னஞ்சல்கள் கசிந்து தலைவி பதவி விலக வேண்டியதானது. நவம்பரில் மிச்சிகனும் விஸ்கான்சினும் பென்சில்வேனியாவும் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் கைநழுவின. அவ்வளவு மெல்லிய தோல்விக்கு எதை வேண்டுமானாலும் காரணமாகக் காட்டலாம், காட்டினார்கள்.

2020-ல் ஏப்ரல் 8-லேயே நிறுத்திக்கொண்டார். பெருந்தொற்று, கூட்டம் போட முடியாத காலம். ஆனால் போகும்போது வெறுங்கையோடு போகவில்லை. மீதி மாநிலங்களின் வாக்குச்சீட்டில் பெயர் இருக்கும், பிரதிநிதிகள் சேரட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஐந்து நாள் கழித்து பைடனை ஆதரித்தார். பருவநிலை, மருத்துவம், கல்வி, பொருளாதாரம், குடியேற்றம், குற்றவியல் நீதி என்று ஆறு கூட்டுக் குழுக்கள் அமைந்தன. முதியோர் மருத்துவக் காப்பீட்டு வயதை 60-ஆகக் குறைக்கும் யோசனையை, சாண்டர்ஸ் நிறுத்திய மறுநாளே பைடன் அறிவித்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் சீக்கிரம் விட்ட 2020 லாபம். ஆனால் 2016-ல் அவர் அப்படி அடம்பிடித்திராவிட்டால் 2020-ல் பைடன் அவ்வளவு அவசரமாகக் கதவைத் திறந்திருப்பாரா? இவர் நினைத்தால் ஜூலைவரை இழுப்பார் என்பதைக் கட்சி ஒருமுறை பார்த்திருந்தது. அந்த நினைவும் அவர் கைமுதல்.

சொன்னவையும் சொல்லாதவையும்

ஹிலரியின் மே மாதத்துக்குத் திரும்புவோம். அவர் சொன்ன காரணங்களில் எல்லா மாநிலமும் வாக்களிக்கட்டும் என்பது ஒன்று. நியாயம்தான், மொன்டானாக்காரருக்கு வாழ்நாளில் ஒருமுறைதான் தன் வாக்குக்கு மதிப்பு கிடைக்கிறது. மொத்த வாக்கில் நானே முன்னால் என்பது இன்னொன்று. அதற்கு மிச்சிகனைச் சேர்த்து எண்ண வேண்டும். மிச்சிகன் வாக்குச்சீட்டில் ஒபாமாவின் பெயரே இல்லை. தேதி விதியை மீறி ஜனவரியிலேயே தேர்தல் வைத்ததற்காகக் கட்சி அந்த மாநிலத்தையும் ஃப்ளோரிடாவையும் தண்டித்திருந்தது. தண்டனைக்கு அப்போது ஹிலரி தரப்பும் எதிர்ப்புச் சொல்லவில்லை.

உழைக்கும் வெள்ளைக்கார வாக்காளர்கள் என்னோடு இருக்கிறார்கள் என்று மே 8 அன்று வெளியான பேட்டியில் சொன்னது மூன்றாவது காரணம். சூப்பர் டெலிகேட்களுக்குச் சொல்ல நினைத்ததை ஊருக்கே சொல்லிவிட்டார். இருந்த மதிப்பில் பாதி அந்த ஒரு வரியில் போயிற்று.

நான்காவது காரணத்தை எல்லாப் பின்தங்கியவர்களும் மனசுக்குள் வைத்திருப்பார்கள், வெளியே விடமாட்டார்கள்: என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். முன்னால் இருப்பவர் தடுக்கி விழலாம், பழைய வழக்கு கிளம்பலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம். நேர்மையான காரணம். ஆனால் சொன்ன கணமே சாபம்போல் ஒலிக்கும். மே 23 அன்று தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸில் ஒரு பத்திரிகை ஆசிரியர் குழுவிடம் பேசும்போது ஹிலரி, ஜூன்வரை போட்டி நடப்பது வழக்கம்தான் என்பதற்கு உதாரணமாகத் தன் கணவரின் 1992-ஐயும், 1968 ஜூனில் ராபர்ட் கென்னடி கலிஃபோர்னியாவில் கொல்லப்பட்டதையும் சொல்லிவிட்டார். ராபர்ட்டின் தம்பி எட்வர்ட் கென்னடிக்கு மூளையில் கட்டி என்று செய்தி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அன்றே வருத்தம் தெரிவித்தார். உதாரணமாகவும் அது தப்பு: 1968-ல் நியூ ஹாம்ப்ஷயர் வாக்களித்ததே மார்ச்சில், 2008-ல் அயோவா ஜனவரி 3. ஐந்து மாதத்தையும் மூன்று மாதத்தையும் ஒன்றாக வைத்துவிட்டார்.

அவர் வாய்விட்டுச் சொல்லாத, ஆனால் ஜூன்வரை இருந்ததற்கு நிஜமான நியாயம் இதுதான் என்று நான் நினைப்பவை வேறு. 1.8 கோடி பேரின் கோபத்தை ஆறவைக்க ஒருவர் தேவை; பாதியில் துரத்தப்பட்டவரால் அது முடியாது, கடைசிவரை ஓடியவர் சொன்னால் கேட்பார்கள். ஃப்ளோரிடா, மிச்சிகன் விவகாரத்தை யாராவது முடித்தாக வேண்டும். நவம்பரில் அந்த இரண்டு மாநிலங்களும் வேண்டும். மே 31 அன்று வாஷிங்டனில் கூடிய விதிக்குழு இரண்டு மாநிலங்களுக்கும் பாதி வாக்கு கொடுத்தது. மிச்சிகனின் பிரதிநிதிகளை ஹிலரிக்கு 69, ஒபாமாவுக்கு 59 என்று பிரித்ததைக் கேட்டு ஹிலரியின் ஆள் ஹாரல்ட் இக்கீஸ் குழுவிலேயே கொதித்தார், மாநாடுவரை போவோம் என்று எச்சரித்தார். அந்தக் கொதிப்போடு அது நின்றுவிட்டது நல்லது. ஆகஸ்டில் முழு வாக்கும் திரும்பக் கிடைத்தது.

என் பார்வையில் தவறு ஒரே ஒரு இரவு: ஜூன் 3. கடைசி இரண்டு மாநிலங்களும் முடிந்து, வேட்பாளராவதற்குத் தேவையான 2,118 பிரதிநிதிகளை ஒபாமா தாண்டிவிட்ட இரவு. நியூயார்க்கில் பேசிய ஹிலரி, இன்றிரவு எந்த முடிவும் எடுக்கப்போவதில்லை என்றார். கறுப்பினத்தவர் ஒருவர் முதன்முதலாகப் பெரிய கட்சியொன்றின் வேட்பாளராகும் இரவில் வாழ்த்த வேண்டிய வாய் தயங்கியது. நான்கு நாள் கழித்து, ஜூன் 7 அன்று, பெண்களை உச்சிக்கு வரவிடாமல் தடுக்கும் கண்ணாடிக் கூரையில் விழுந்த 1.8 கோடி விரிசல்களைப் பற்றி அவர் பேசியது அருமையான பேச்சு. செவ்வாய் இரவே பேசியிருக்கலாம். ஆகஸ்ட் 27 அன்று டென்வரில் நியூயார்க் குழுவின் நடுவிலிருந்து எழுந்து, வாக்கெடுப்பை நிறுத்தி ஒபாமாவை ஒருமனதாகத் தேர்ந்தெடுங்கள் என்று முன்மொழிந்தவரும் அவரே. ஜனவரியில் வெளியுறவு அமைச்சர்.

ஹேலி

இந்த அளவுகோலை 2024-க்கு வைத்துப் பார்த்தால், குடியரசுக் கட்சிப் போட்டியில் ட்ரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலியின் கணக்கு விசித்திரமாக இருக்கிறது. அயோவாவில் மூன்றாமிடம். வாக்கு எண்ணிய அன்றிரவே விவேக் ராமசாமி ட்ரம்பை ஆதரித்துவிட்டு ஒதுங்கினார். ஆறு நாளில் டிசாண்டிஸும் போனார். ஹேலி நியூ ஹாம்ப்ஷயரில் 43 சதவீதம் எடுத்துத் தோற்றார். ஆளுநராக இருந்த சொந்த தெற்கு கரோலினாவில் ஏறக்குறைய 60-க்கு 40 என்று தோற்றார். ஒரே வேட்பாளர் நிற்கும் சோவியத் பாணித் தேர்தல் மக்களுக்கு வேண்டாம் என்றார். ட்ரம்ப்மீது நான்கு குற்ற வழக்குகள் நிலுவையில் இருந்தன. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற காரணத்துக்கு அதைவிடத் தோதான வருஷம் வராது. ஹிலரி செய்த தப்பை அவர் செய்யவில்லை. அதை வாய்விட்டு விளக்கவே இல்லை. மார்ச் 4 அன்று கொலராடோ வாக்குச்சீட்டிலிருந்து ட்ரம்பை நீக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. மறுநாள் வந்த வெற்றி வெர்மான்ட் ஒன்றுதான். மார்ச் 6 அன்று நிறுத்தினார். ட்ரம்பை அப்போது ஆதரிக்கவில்லை. என் வாக்காளர்களை அவர்தான் சம்பாதிக்க வேண்டும் என்றார்.

இரண்டு மாதம் போனது. மே 7 அன்று இண்டியானா வாக்களித்தது. மேடை இல்லை, விளம்பரம் இல்லை, தொண்டர்கள் இல்லை. ஹேலிக்கு 21 சதவீதத்துக்கும் மேல், ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள். அவற்றை வைத்து எதையாவது கேட்க அவர் அப்போது களத்தில் இல்லை. மே 22 அன்று, என் வாக்கு ட்ரம்புக்கே என்று சொன்னார். ஜூலையில் மில்வாக்கி மாநாட்டில் பேச ஒரு இடம் கிடைத்தது. தேர்தலில் ஜெயித்து நான்காம் நாள், ஹேலியைத் தன் அரசில் சேர்க்கப்போவதில்லை என்று ட்ரம்ப் தன் சமூக வலைத்தளத்தில் எழுதினார்.